மாதச் செலவும் ஓய்வுக்கால வருமானமும்: கோலாலம்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

48 வயதுள்ள ஒருவர் வீட்டுச் செலவில் மாதம் 100 ரிங்கிட்டைக் குறைத்து, அந்தப் பணத்தை 60 வயதுவரை சேமித்து வந்தால், அவருக்குக் கிடைக்கும் பலன் கிட்டத்தட்ட 41,000 ரிங்கிட். கணக்கு இதுதான். மாதம் 100 வீதம் 12 ஆண்டுகள், ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈவுடன் சேர்த்தால் 19,600 ரிங்கிட்டைத் தாண்டும். இன்னொரு பக்கம், அந்தச் செலவு அப்படியே தொடர்ந்திருந்தால், ஆண்டுக்கு 3 விழுக்காடு விலையேற்றத்தில் 60-ஆம் வயதில் அது 143 ரிங்கிட்டாக வளர்ந்து நிற்கும். அதற்கு அடுத்த 20 ஆண்டுகளுக்குப் பணம் கொடுக்க, மிச்சத் தொகைக்கு 5 விழுக்காடு ஈவு வந்துகொண்டிருந்தாலும், 21,600 ரிங்கிட் கையில் இருந்தாக வேண்டும். செலவே இல்லை என்றால் அந்தத் தொகையும் தேவையில்லை.

ஆகவே இன்றைய மளிகை பில்லையும் நாளைய ஓய்வுக்காலத்தையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வைத்துப் பார்ப்பதே இந்த வழிகாட்டியின் முறை. 40 முதல் 58 வயதுக்குள், செந்தூல், ஜாலான் ஈப்போ, பிரிக்ஃபீல்ட்ஸ், செத்தாப்பாக், கெப்போங் போன்ற இடங்களில் வீட்டுக்கடனோ வாடகையோ கட்டிக்கொண்டு வாழும் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அரசு ஓய்வூதியம் உள்ளவர்களுக்கும் 1, 2, 3, 7, 8 ஆகிய படிகள் பொருந்தும்.

படி 1: உண்மையான மாதச் செலவைக் கண்டுபிடிப்பது

"மாசம் எவ்வளவு செலவாகுது?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ வரும் செலவுகள் மனக்கணக்கில் ஏறுவதில்லை என்பதுதான் காரணம். சாலை வரியும் கார் காப்புறுதியும், கோலாலம்பூர் மாநகராட்சியான டி.பி.கே.எல்.லுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை கட்டும் மதிப்பீட்டு வரி, அடுக்குமாடி வீட்டின் பராமரிப்புக் கட்டணமும் அதோடு ஒட்டிவரும் சேமிப்பு நிதியும், பள்ளித் தொடக்கச் சாமான்கள், தீபாவளித் துணிமணி, தைப்பூசக் காணிக்கை, கல்யாண மொய், ஊருக்குப் போய்வரும் செலவு, கார் டயர், பல் மருத்துவர். இவற்றைக் கூட்டி 12-ஆல் வகுத்தால் பல வீடுகளில் மாதம் 400 முதல் 700 ரிங்கிட் வந்து நிற்கும். "சம்பளம் போதலை, கிரெடிட் கார்டுல தேய்ச்சோம்" என்ற நிலை பிறப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

செய்ய வேண்டியது: வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு, மின்பணப்பை மூன்றின் கடந்த 12 மாத அறிக்கைகளையும் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் போதாது, தீபாவளி விடுபட்டுவிடும். ஒவ்வொரு வரியையும் நான்கில் ஒன்றாகப் பிரியுங்கள்: வீடு, சாப்பாடு, போக்குவரத்து, மற்றவை. ஏ.டி.எம்.மில் எடுத்த ரொக்கம் எங்கே போனது என்று தெரியாவிட்டால், அதில் பாதியைச் சாப்பாட்டிலும் பாதியை மற்றவையிலும் போடுங்கள். கணக்கு துல்லியமாக அமையாவிட்டாலும் ஆண்டு மொத்தம் சரியாக இருந்தால் போதும்.

இதே தாளில் இன்னொரு பத்தி வேண்டும்: 60-ஆம் வயதிலும் தொடரும் செலவுகள். வீட்டுக்கடன் அதற்குள் முடியுமா? கார் கடன்? பிள்ளையின் படிப்பு? முடிந்துபோகும் செலவுகளைக் கழியுங்கள். மருந்து, மருத்துவக் காப்புறுதி ஆகிய இரண்டையும் கூட்டுங்கள். இந்த இரண்டாவது எண்தான் படி 4-இல் வேலை செய்யப் போகிறது.

ஓர் எச்சரிக்கை. 2024-இல் நாட்டின் சராசரிப் பணவீக்கம் 1.8 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. அது எல்லாப் பொருள்களின் சராசரி. துணி, தொலைபேசிச் சாதனம் போன்றவற்றின் விலை கூடாமல் இருக்கும்போது, வெளிச்சாப்பாடு, வாடகை, மருத்துவம் ஆகியவை ஏறிக்கொண்டே இருக்கும். வயதாக ஆக நம் செலவு இந்த மூன்றின் பக்கம்தான் சாய்கிறது. அதனால்தான் இங்கே 3 விழுக்காட்டை வைத்துக் கணக்கிடுகிறோம்.

படி 2: எங்கே வெட்டுவது

சில்லறைச் செலவுகளில் கைவைத்து மனத்தைப் புண்படுத்திக்கொள்வதைவிட, ஒரு முறை முடிவெடுத்தால் மாதாமாதம் தானாகக் குறையும் செலவுகளை முதலில் பாருங்கள். அந்த வகையில் முதலிடம் இரண்டாவது காருக்கு. கடன், காப்புறுதி, சாலை வரி, பெட்ரோல், பார்க்கிங், சர்வீஸ் எல்லாவற்றையும் 12 மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள். 900 முதல் 1,100 ரிங்கிட் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வேலையிடம் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. பாதையில் இருந்தால், மை50 பயண அட்டை 50 ரிங்கிட்டில் 30 நாளுக்கு ரேபிட் கே.எல். ரயில், பேருந்து அனைத்தையும் தருகிறது. கூடவே மாதம் பத்து முறை கிராப் எடுத்தாலும் இரண்டாவது காரின் செலவில் பாதியைத் தொடாது. 60 வயது நிறைந்ததும் முதியோர் சலுகை அட்டைக்கு விண்ணப்பித்தால் கட்டணம் பாதியாகும்.

முதல் காருக்கு: 2025 செப்டம்பர் 30 முதல் ரோன்95 பெட்ரோலைக் குடிமக்களுக்கு லிட்டர் 1.99 ரிங்கிட்டில் விற்கும் புடி95 திட்டம் நடைமுறைக்கு வந்தது. அடையாள அட்டையான மைகார்டோடு செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவரின் உரிமம் காலாவதியாகிக் கிடந்தால் அவர் பங்கு மானியம் போய்விடும். முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

அடுத்தது மின்சாரம். இதில் நுணுக்கம் அதிகம், லாபமும் அதிகம். 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் மின்சார நிறுவனமான டி.என்.பி.யின் கட்டண முறை மாறியது. புதிய பில்லில் வீடுகளுக்கு 600 யூனிட் என்பது முக்கியமான எல்லை. அதற்குள் இருந்தால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் இல்லை, மாதாமாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டல் இல்லை, சேவை வரி இல்லை. தாண்டினால் மூன்றும் வரும், சேவை வரி 8 விழுக்காடு. இதற்கு மேல், 1,000 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு எரிசக்திச் சிக்கன ஊக்கத்தொகை என்ற தள்ளுபடி உண்டு. அது படிப்படியாகக் குறைவது. 551 முதல் 600 யூனிட் வரை யூனிட்டுக்கு 9 சென், 601 முதல் 650 வரை 7.5 சென். மொத்தப் பயன்பாட்டுக்கும் ஒரே தள்ளுபடி என்பதால் ஒரு படி தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் தள்ளுபடி குறையும். 600-இல் நிற்க வேண்டிய வீடு 620-க்குப் போனால், எரிபொருள் சரிக்கட்டலை விட்டுப் பார்த்தாலும் அந்த 20 யூனிட்டுக்கு 25 ரிங்கிட்டுக்கு மேல் கூடிவிடும்.

எல்லைக்குள் நிற்க எதைத் தொடுவது? 1 குதிரைச்சக்தி ஏர்கான் மணிக்கு ஏறக்குறைய 0.7 முதல் 0.9 யூனிட் எடுக்கும். ஓர் அறையில் இரவு 8 மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 180 யூனிட். தூங்கி 5 மணி நேரத்தில் தானாக நிற்க வைத்து, மிச்ச நேரத்துக்கு மின்விசிறி போட்டால் மாதம் 60 யூனிட்டுக்கு மேல் குறையும். 3.6 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் 10 நிமிடத்துக்கு 0.6 யூனிட், நான்கு பேர் நாளுக்கு இரு முறை குளித்தால் மாதம் 140-ஐத் தாண்டும். காலைக் குளியலுக்கு ஹீட்டரை அணைத்தாலே பாதி போய்விடும். பின்கட்டில் பானம் வைப்பதற்கென்று ஓடும் பழைய இரண்டாவது ஃபிரிட்ஜ் மாதம் 30 முதல் 45 யூனிட்டைச் சத்தமில்லாமல் தின்கிறது. அதைத் தீபாவளிக்கு மட்டும் போட்டால் போதும்.

நேரத்துக்கு ஏற்ற கட்டணத் திட்டத்துக்கு மாறலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேலைநாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். இரு நேரங்களுக்கும் இடையே வித்தியாசம் யூனிட்டுக்கு 4 சென் அளவுதான். மாலையில் சமைத்து, துவைத்து, பிள்ளைகள் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு அதில் பெரிய லாபம் கிடையாது.

சாப்பாட்டுக்கு வருவோம். பசியாறலையும் மதியச் சாப்பாட்டையும் இருவர் வெளியே சாப்பிட்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு 18 ரிங்கிட் என்று வைத்தால், 22 வேலைநாளில் 792 ரிங்கிட். வாரத்தில் மூன்று நாள் மட்டும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால், சமையல் செலவு போக 250 முதல் 300 வரை மிஞ்சும். ஐந்து நாளும் கட்டப் போவதாக ஆரம்பிப்பவர்கள் இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். மூன்று நாள் நிலைக்கிறது. விலை கட்டுப்பாட்டில் உள்ள பொருள்களை நினைவில் வையுங்கள்: உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 ரிங்கிட், பாக்கெட் சமையல் எண்ணெய் 1 கிலோ 2.50, சீனி கிலோ 2.85, 14 கிலோ எரிவாயு உருளை 26.60. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் உருளைக்குக் கூலி தனி. காய்கறிக்குச் செலாயாங் மொத்தச் சந்தையும் சௌகிட் பாசாரும் மலிவுதான். ஆனால் மூன்று வீடுகள் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டால்தான் அந்த மலிவு நிற்கும். ஒரே வீட்டுக்குப் பெட்டி பெட்டியாகத் தக்காளி வாங்கினால் பாதி குப்பைக்குப் போகும்.

குடும்ப வருமானம் 5,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால் எஸ்.டி.ஆர். என்ற அரசின் ரொக்க உதவிக்குப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சார்ந்துதான் அடிப்படைப் பொருள் வாங்க மைகார்டில் வரும் சாரா உதவியும் பெக்கா பி40 இலவச உடல் பரிசோதனையும் வருகின்றன. திருமணம், மரணம், வேலை இழப்பு என்று நிலை மாறினால் தகவலைப் புதுப்பிக்க வேண்டும். மனைவி இறந்தபிறகும் பழைய விவரமே கிடப்பதால் தனித்து வாழும் முதியவர்களுக்குச் சேர வேண்டியது பலமுறை விடுபடுகிறது.

படி 3: கடனை வரிசைப்படுத்துவது

சேமிப்புக்கு 5, 6 விழுக்காடு கிடைக்கும்போது 18 விழுக்காட்டுக் கடனை வைத்துக்கொண்டு சேமிப்பதில் பொருளில்லை. வட்டி அதிகமானதிலிருந்து அடைத்து வாருங்கள். கிரெடிட் கார்டு ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு. குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை மட்டும் கட்டிவந்தால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும். அடகுக் கடையில் மாதம் 2 விழுக்காடு என்பது சட்டம் அனுமதிக்கும் உச்சம். கேட்க சிறிதாக இருந்தாலும் ஆண்டுக்கு அது 24 விழுக்காடு. தாலிக்கொடியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வட்டி கட்டிப் புதுப்பித்து வரும் வீடுகள் நான்கே ஆண்டில் கடன் வாங்கிய தொகைக்குக் கிட்டத்தட்டச் சமமாக வட்டி கட்டிவிடுகின்றன. இரண்டு வளையலை விற்று மற்றதை மீட்பது வலித்தாலும் கணக்கில் அதுதான் சரி.

மாதத் தவணைகள் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் ஏ.கே.பி.கே.வுக்குப் போங்கள். வங்கிகளோடு பேசி ஒரே தவணையாக மாற்றித் தரும் இந்த அமைப்பு 2006-இல் மத்திய வங்கி நிறுவியது, சேவை இலவசம். பணம் வாங்கிக்கொண்டு "கடனைக் குறைத்துத் தருகிறேன்" என்று முகநூலில் விளம்பரம் செய்பவர்களை நாட வேண்டாம்.

கூட்டு பிடிப்பது பற்றி நேராகச் சொல்லிவிட வேண்டும். நம்மிடையே நட்பின் பேரில் நடக்கும் கூட்டுச் சீட்டைத் தொழிலாக நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தலைவர் ஓடிவிட்டால் கொடுத்த பணத்தை மீட்பது மிகக் கடினம். கடைசிச் சீட்டுக்காகக் காத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் ஓய்வை நெருங்கும் பெண்கள், இழப்பவர்களும் அவர்களே.

படி 4: இடைவெளியை எண்ணாகப் பார்ப்பது

ஊழியர் சேமநிதி வாரியம் (இபிஎஃப்) 60 வயதுக்கு மூன்று இலக்குகளைச் சொல்கிறது: அடிப்படைச் சேமிப்பு 390,000 ரிங்கிட், போதுமான சேமிப்பு 650,000, மேம்பட்ட சேமிப்பு 13 லட்சம். 20 ஆண்டுகளுக்கு வகுத்தால் முதலாவது மாதம் 1,625, இரண்டாவது ஏறக்குறைய 2,700. இவை பொது அளவுகோல்கள்தான். உங்கள் வீட்டுக்கான எண் படி 1-இன் இரண்டாவது பத்தியிலிருந்து வர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. கணவருக்கு 48 வயது, சம்பளம் 3,800, இபிஎஃப்பில் 110,000. மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார். அவர் பேரில் சேமிப்பு எதுவும் இல்லை. கடன்கள் முடிந்தபிறகு இருவருக்கும் இன்றைய விலையில் மாதம் 3,000 ரிங்கிட் வேண்டும்.

மாதச் சந்தா தொழிலாளி 11 விழுக்காடு 418, முதலாளி 13 விழுக்காடு 494, மொத்தம் 912. 5 விழுக்காடு ஈவில், எதையும் எடுக்காமல் 60 வயதில் சுமார் 375,000 சேரும். அடிப்படை இலக்கை எட்டிப் பிடித்தது போலத் தோன்றும். ஆனால் அன்று அந்த 3,000 ரிங்கிட் செலவு 4,280-ஐ நெருங்கியிருக்கும். 375,000-ஐ வாரியத்திலேயே வைத்து 20 ஆண்டில் தீரும்படி எடுத்தால் மாதம் 2,475 கிடைக்கும். இடைவெளி 1,800.

இப்போது படி 2-இல் சொன்ன வழிகளில் மாதம் 500 ரிங்கிட் குறைத்தால்? தேவை 3,565-ஆகும், இடைவெளி 1,090-ஆகச் சுருங்கும். அந்த 500-ஐயே 12 ஆண்டு சேர்த்தால் 98,000 ரிங்கிட்டுக்கு மேல், அதாவது ஓய்வில் மாதம் இன்னும் 650. மிஞ்சும் இடைவெளி 440. அதைத் தையல் வருமானமோ, ஓர் அறையின் வாடகையோ, கூட இரண்டு மூன்று ஆண்டு வேலையோ அடைத்துவிடும். விலையேற்றம் 60-க்குப் பிறகும் நிற்காது என்பதால் இந்தக் கடைசிப் பகுதியில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எண்களுக்கு விரைவு வழி: இன்று மாதம் எவ்வளவு வேண்டுமோ அதை, 12 ஆண்டு இருந்தால் 1.43-ஆலும், 15 ஆண்டு இருந்தால் 1.56-ஆலும், 20 ஆண்டு இருந்தால் 1.81-ஆலும் பெருக்குங்கள். வரும் எண்ணை 151.5-ஆல் (5 விழுக்காடு ஈவில் 20 ஆண்டுக்கு மாதம் 1 ரிங்கிட் எடுக்கத் தேவையான தொகை) பெருக்கினால் தேவைப்படும் சேமிப்பு கிடைக்கும்.

படி 5: இடைவெளியை நிரப்புவது

முதலில் இருப்பதைச் சரிபாருங்கள். முதலாளி ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்துவிட்டு வாரியத்தில் கட்டாத முதலாளிகள் இருக்கிறார்கள். அது குற்றம். வாரியத்தின் ஐ-அக்காவுன் செயலியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பார்த்து, விடுபட்டிருந்தால் சம்பளச் சீட்டோடு உடனே வாரியத்தில் புகார் கொடுங்கள். கம்பெனி மூடியபின் துரத்துவது கடினம்.

2024 மே 11 முதல் சந்தா மூன்றாகப் பிரிகிறது: பெர்சாரான் (ஓய்வு) கணக்குக்கு 75 விழுக்காடு, செஜாத்ராவுக்கு (நலன்) 15, ஃபிளெக்சிபலுக்கு (நெகிழ்வு) 10. ஃபிளெக்சிபலில் இருந்து 50 ரிங்கிட் முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதுதான் ஆபத்து. அதை அவசர நிதியாக மட்டும் வைத்திருங்கள். மூன்று மாதச் செலவுக்கு மேல் அதில் சேர்ந்தால், மிச்சத்தைப் பெர்சாரான் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. மனத்தை நம்பாதவர்களுக்கு அதுவே நல்லது.

தையல், பூக்கட்டுதல், டாக்சி, கிராப், பாசார் கடை என்று சொந்தமாகச் சம்பாதிப்பவர்களுக்கு வாரியத்தின் ஐ-சாரான் திட்டத்தைவிட நல்ல முதலீடு கிடையாது. கட்டும் தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, அரசு சேர்க்கிறது. வாழ்நாள் உச்சம் 5,000. ஆண்டுக்கு 2,500 கட்டினால், அதாவது மாதம் 209, முழு 500 கிடைக்கும். அதற்கு மேல் வழக்கமான ஈவும் உண்டு. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் சேமித்த 500-இல் முதல் 209 மனைவியின் ஐ-சாரானுக்குத்தான் போக வேண்டும். 60 வயதுக்குள் இருப்பவர்களுக்கே இது பொருந்தும். டிசம்பர் 31-க்குள் கட்டாத தொகை அந்த ஆண்டுக் கணக்கில் வராது. வறிய குடும்பங்களுக்கான அரசுப் பதிவேடான இ-காசேவில் பதிவான இல்லத்தரசிகளுக்கு ஐ-சூரி தனியே இருக்கிறது: கட்டுவதில் பாதி, ஆண்டுக்கு 300 வரை.

சம்பளக்காரர்களும் தாமாக முன்வந்து வாரியத்தில் கூடுதலாகக் கட்டலாம், ஆண்டுக்கு 100,000 வரை. 2024-க்கு வாரியம் கொடுத்த ஈவு 6.30 விழுக்காடு, 2023-இல் 5.50. வழக்கமான கணக்குக்கு 2.5 விழுக்காடு உத்தரவாதம் உண்டு. கணக்கிடும்போது 5-க்கு மேல் எடுக்காதீர்கள். நல்ல ஆண்டுகளைப் பார்த்துத் திட்டம் போட்டால் மோசமான ஆண்டில் உடைந்துபோகும்.

பி.ஆர்.எஸ். தனியார் ஓய்வுத் திட்டத்துக்கு 3,000 ரிங்கிட் வரி விலக்கு உண்டு. வரிக்கு உட்பட்ட வருமானம் 50,000-ஐத் தாண்டியவருக்கு 11 விழுக்காட்டுப் படியில் அது 330 ரிங்கிட் மிச்சம். 35,000-க்குக் கீழே இருப்பவருக்கு 90 மட்டுமே. நிதி நிர்வாகக் கட்டணத்தைப் பார்த்தால் பிந்தியவர் வாரியத்தில் கட்டுவதே மேல். எல்லா மலேசியருக்கும் திறந்த அமானா சஹாம் மலேசியா, அமானா சஹாம் மலேசியா 2, 3 ஆகியவற்றில் யூனிட் விலை 1 ரிங்கிட்டாகவே நிற்கும். ஆனால் பூமிபுத்ரா அல்லாதவருக்கான பங்கு அடிக்கடி தீர்ந்துவிடும். கணக்கைத் திறந்து வைத்துவிட்டு, இடம் கிடைக்கும்போது வாங்குங்கள்.

படி 6: 55 வயது என்ற வாசல்

பல ஆண்டுச் சேமிப்பு கரைவது இங்கேதான். 55-இல் எல்லாக் கணக்கும் ஒன்றாகி, முழுவதையும் எடுக்கலாம் என்ற நிலை வருகிறது. மகள் கல்யாணம், வீட்டுச் சீரமைப்பு, மகனுக்குக் கார் என்று ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தோன்றும். 55-இல் எடுக்காமல் விட்ட 100,000 ரிங்கிட், 5 விழுக்காட்டில் 60-இல் 127,600, 65-இல் 162,900. வேலை ஓய்வு வயது 60 என்பது 2013 ஜூலை முதல் சட்டம். சம்பளம் வந்துகொண்டிருக்கும் ஐந்து ஆண்டில் அந்தப் பணத்துக்குத் தேவையே இல்லை. 55-க்குப் பிறகு கட்டும் சந்தா எமாஸ் என்ற தனிக் கணக்குக்குப் போய் 60 வரை நிற்கும். 60-க்குப் பிறகு வேலை செய்தால் முதலாளி 4 விழுக்காடு கட்ட வேண்டும். சம்பளம் பேசும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஓய்வுபெறும் நாளில் மொத்தமாக எடுத்து வங்கியில் போட வேண்டாம். வாரியம் 100 வயதுவரை ஈவு தருகிறது, மாதாந்திரமாகக் கணக்குக்கு அனுப்பவும் செய்யும். 200,000 ரிங்கிட்டை 5 விழுக்காட்டில் வைத்து மாதம் 1,300 எடுத்தால் 20 ஆண்டுக்கு மேல் வரும். 1,800 எடுத்தால் பன்னிரண்டரை ஆண்டு. 2,500 எடுத்தால் எட்டே ஆண்டு. 500 ரிங்கிட் வித்தியாசம் எட்டு ஆண்டைத் தின்கிறது. 1,300-இல் தொடங்கி, விலை ஏறும்போது ஆண்டுக்கு ஒரு முறை கூட்டுவது, 1,800-இல் தொடங்கி முதுமையில் குறைப்பதைவிட எளிது. ஒரு வருடச் செலவை மட்டும் வங்கியில் வைத்திருங்கள், அவசரத்துக்கு அது போதும்.

படி 7: மருத்துவம்

ஓய்வுக்காலக் கணக்கை ஒரே இரவில் குலைக்கக்கூடியது இதுதான். தனியார் மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் 60-ஐ ஒட்டிக் கடுமையாக ஏறுகிறது. உடனே ரத்து செய்துவிடாதீர்கள். ரத்து செய்தபின் சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் புதிதாக எடுப்பது பெரும்பாலும் முடியாது. முகவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: முதலில் நானே கட்டும் தொகையை உயர்த்தினால் கட்டணம் எவ்வளவு குறையும்? அறை வாடகையைக் குறைத்தால்? முதலீட்டோடு சேர்ந்த திட்டம் என்றால் உள்ளிருக்கும் பணம் எத்தனை வயதுவரை தாங்கும்? கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். 80 வயதுவரை என்று விற்கப்பட்ட திட்டம் 68-இல் காலியாவது இப்படித்தான் தெரியாமல் போகிறது.

அதோடு, நாட்பட்ட நோய்க்கான மருந்தை அரசாங்கக் கிளினிக்குக்கு இப்போதே மாற்றுங்கள். வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட், 60 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு அதுவும் இல்லை. காத்திருப்பு நீளம்தான். ஆனால் அங்கே பதிவும் கோப்பும் இருந்தால், பெரிய நோய் வரும்போது கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி நிபுணரிடம் அனுப்பும் கடிதம் விரைவாகக் கிடைக்கும். தனியாரில் மாதம் 200 ரிங்கிட்டுக்கு வாங்கும் மருந்து இப்படி மாறினால், முதல் பத்தியில் சொன்ன கணக்கை இரட்டிப்பாக்கிப் பாருங்கள்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவையும் மறக்கக் கூடாது. நோயால் வேலை செய்ய முடியாமல் போன தொழிலாளிக்கு இயலாமை ஓய்வூதியமும், அவர் இறந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வாரிசு ஓய்வூதியமும் தகுதி இருந்தால் உண்டு. சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகும் பலர் 60 வயதுக்குள் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 55 வயதுக்குட்பட்ட இல்லத்தரசிகளுக்கு ஆண்டுக்கு 120 ரிங்கிட்டில் தனித் திட்டம் 2022 டிசம்பரிலிருந்து இருக்கிறது.

படி 8: வீடும் பெயரும் எழுத்தும்

வீடு கடனில்லாமல் உங்கள் பெயரில் இருந்து, கையில் பணம் குறைவாக இருந்தால், தேசிய வீட்டுக்கடன் நிறுவனமான ககாமாஸ் நடத்தும் ஸ்கிம் சாரான் பெர்ச்சாகார் ஒரு வழி. 55 வயதுக்கு மேல் வீட்டை ஈடாக வைத்து, அதிலேயே குடியிருந்துகொண்டு, ஆயுள்வரை மாதப் பணம் பெறலாம். காலத்துக்குப் பின் வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம் அல்லது வீடு விற்கப்படும். பிள்ளைகளோடு பேசாமல் இதைச் செய்யாதீர்கள். ஆனால் பிள்ளைகளின் தயக்கத்துக்காகப் பட்டினியாகவும் இருக்க வேண்டாம்.

சேமநிதியில் பெயர் நியமனத்தை இந்த மாதமே கவுண்டரில் சரிபாருங்கள். 22 வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது அண்ணன் பேரையோ அக்காள் பேரையோ எழுதிக் கொடுத்தவர் அதை மாற்றாமல் இறந்தால், முஸ்லிம் அல்லாதவர் விஷயத்தில் பணம் அந்த அண்ணனுக்குத்தான் போகும். உயிலில் மனைவிக்கு என்று எழுதியிருந்தாலும் சேமநிதிப் பணத்தை அது கட்டுப்படுத்தாது. கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு செல்லாமல் போகும் என்பதையும் பலர் அறிவதில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் புதிதாக எழுதுங்கள்.

ஓய்வுப் பணம் கைக்கு வந்த வாரத்தில் தொலைபேசி அழைப்புகளும் வரத் தொடங்கும்: மாதம் 8 விழுக்காடு தரும் திட்டம், "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது" என்று பேசும் போலி போலீஸ், கோயில் நண்பர் கொண்டுவரும் கிரிப்டோ. மாதம் 1 விழுக்காட்டுக்கு மேல் உறுதி என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் முதலீட்டுச் சரிபார்ப்புப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். பணம் அனுப்பிவிட்டது தெரிந்தால் அந்த நிமிடமே மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணியிலும் பணம் வேறு கணக்குகளுக்கு மாறிக்கொண்டே இருக்கும்.